நம் சொத்து வரியும் சாக்ரமெண்டோவின் கையும்: வளைகுடாப் பகுதித் தமிழ் வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் சொந்த வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் 10-க்குள் ஒரு தவணை, ஏப்ரல் 10-க்குள் மறு தவணை என்று ஆண்டுக்கு இருமுறை நாம் கட்டும் சொத்து வரியைப் பற்றிய பேச்சு, நம் வட்டத்தில் எப்போது எழுந்தாலும் தொகையோடு நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் நம்மைவிட எவ்வளவு குறைவாகக் கட்டுகிறார் என்று வியக்கிறோம். வீடு வாங்கிய சில மாதங்களில் எதிர்பாராமல் வந்து விழும் சப்ளிமென்டல் பில்லை, அதாவது கூடுதல் வரி பில்லை, சபிக்கிறோம். கட்டிய பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது, அதை முடிவு செய்பவர் யார் என்று கேட்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்காகத்தான் கலிஃபோர்னியாவின் கவுண்டிகளும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) நகரங்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகர் சாக்ரமெண்டோவில் இருக்கும் மாநில அரசோடு மல்லுக்கட்டி வருகின்றன. அதில் நாம் உள்ளாட்சிகளின் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்த வரி பில்லை எடுத்துப் பாருங்கள். நிலத்தின் மதிப்பு, கட்டடத்தின் மதிப்பு, சொந்தக் குடியிருப்புக்கான 7,000 டாலர் கழிவு ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு சதவீத வரி ஒரே தொகையாக அச்சாகியிருக்கும். அதன் கீழே வாக்காளர் ஒப்புதல் பெற்ற பள்ளிப் பத்திரக் கடன்கள் தனித்தனிப் பெயரோடு நிற்கும். அதற்கும் கீழே கொசு ஒழிப்பு, வெள்ளத் தடுப்பு போன்ற சிறு கட்டணங்கள், சந்தேகம் இருந்தால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணோடு வரிசையாக இருக்கும். சில டாலர் கொசு வரிக்குக்கூட பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க, மொத்தத்தில் பெரும்பகுதியான அந்த ஒரு சதவீதம் மட்டும் எந்தப் பிரிவும் இன்றி மொட்டையாக நிற்கிறது.

இந்த மௌனம் 1978 ஜூன் மாதத்தில் பிறந்தது. அதற்கு முன் நகரம், கவுண்டி, பள்ளி மாவட்டம் என ஒவ்வோர் அமைப்பும் தன் வரி விகிதத்தைத் தானே தீர்மானித்துக்கொண்டது. பிடிக்காத மக்கள் அடுத்த தேர்தலில் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். வீட்டு மதிப்புகள் மளமளவென ஏறி வரி தாங்க முடியாமல் போனபோது, ஏறத்தாழ 65 சதவீத வாக்குகளோடு மக்களின் நேரடி வாக்குக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தமான முன்மொழிவு 13 வென்றது. வரி விகிதத்துக்கு ஒரு சதவீத உச்சவரம்பும், மதிப்பீட்டு உயர்வுக்கு ஆண்டுக்கு இரண்டு சதவீத உச்சவரம்பும் வந்தன. உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே சரிந்தது. இவையெல்லாம் பலருக்கும் தெரிந்த கதைதான். அதிகம் பேசப்படாதது, அந்தத் திருத்தத்தில் இடம்பெற்ற ஒரு சிறு நிபந்தனை: வசூலாகும் ஒரு சதவீதத்தைக் கவுண்டிகள் ‘சட்டப்படி’ பங்கிட வேண்டும் என்றது அது. சட்டம் இயற்றும் இடம் சாக்ரமெண்டோ. வரியைக் குறைக்க வாக்களித்த மக்கள், வரியைப் பங்கிடும் அதிகாரத்தையும் அதே வாக்கில் தங்கள் ஊரிலிருந்து தலைநகருக்கு அனுப்பிவிட்டார்கள்.

1979-இல் வந்த சட்டம், எழுபதுகளில் எந்த அமைப்பு எவ்வளவு வரி வாங்கியதோ அந்த விகிதத்தையே ஏறத்தாழ உறைய வைத்தது. அதன் விளைவைக் குப்பர்டினோவில் இருப்பவர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள். அன்று சிக்கனமாக, குறைந்த வரியோடு நகரத்தை நடத்தியதற்குப் பரிசாக, அந்நகரம் தன் எல்லைக்குள் வசூலாகும் ஒவ்வொரு சொத்து வரி டாலரிலும் இன்றுவரை மிகச் சிறிய பங்கையே பெறுகிறது. சாரட்டோகாவின் நிலையும் அதுவே.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்து மாநில கஜானாவில் பெரும் பள்ளம் விழுந்தது. அதே நேரத்தில் 1988-இல் மக்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 98, பள்ளிகளுக்கு இவ்வளவு நிதி கட்டாயம் சேர வேண்டும் என்று மாநிலத்தின் கையைக் கட்டியிருந்தது. அந்தக் கடமையை மாநிலம் நிறைவேற்றிய விதம் இது: 1992-இலும் 1993-இலும், கவுண்டிகள், நகரங்கள், சிறப்பு மாவட்டங்கள் (ஒரு குறிப்பிட்ட சேவைக்கென அமைந்த உள்ளாட்சிகள்) ஆகியவற்றின் சொத்து வரியில் ஒரு பகுதியைக் கல்வி வருவாய்ப் பெருக்க நிதி என்ற கணக்குக்குத் திருப்பிவிட்டது. ‘ஈராஃப்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1993-94-இல் மட்டும் புதிதாக ஏறத்தாழ 260 கோடி டாலர் இப்படித் திரும்பியது. நெருக்கடி தீர்ந்தது, பொருளாதாரம் மீண்டது, டாட் காம் காலத்தில் மாநிலத்தில் பணம் புரண்டது, திருப்பிவிட்ட மடை மட்டும் அடைக்கப்படவில்லை.

பள்ளிக்குத்தானே போகிறது, அதில் என்ன குறை என்று கேட்பீர்கள். நம்மில் பலர் வீட்டைத் தேர்ந்தெடுத்ததே பள்ளியைப் பார்த்துத்தான் என்பதால் கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சாதாரணப் பள்ளி மாவட்டத்துக்கு மாணவர் எண்ணிக்கையை வைத்து இவ்வளவு நிதி உரியது என்று மாநிலச் சூத்திரம் முதலில் ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. அந்த மாவட்டத்துக்கு வரும் உள்ளூர்ச் சொத்து வரியை அதிலிருந்து கழித்து, மீதியை மாநிலம் தன் பொது நிதியிலிருந்து தருகிறது. ஆகவே நகரத்திடமிருந்தோ கவுண்டியிடமிருந்தோ எடுத்த ஒரு டாலர் பள்ளிக் கணக்கில் விழும்போது, மாநிலம் தர வேண்டிய தொகையில் ஒரு டாலர் குறைகிறது. பள்ளியின் கைக்கு வரும் மொத்தம் ஒரு சென்ட்டும் ஏறுவதில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் ஊரில் சொல்வது இதற்குத்தான் அப்படியே பொருந்தும்: வேண்டுதல் மாநிலத்தினுடையது, தேங்காய் கவுண்டியினுடையது.

தேங்காயை இழந்தவர்கள் யார்? கவுண்டி மருத்துவமனை, ஷெரிஃப் துறை, சிறை, பூங்காக்கள், நூலகங்கள். சிறப்பு மாவட்டங்களாக நடந்த கவுண்டி நூலகங்கள் மிகக் கடுமையாக அடிபட்டு, திறந்திருக்கும் நேரத்தையும் புத்தகம் வாங்கும் பணத்தையும் வெட்டின. 1993 நவம்பரில் மக்கள் ஏற்ற அரை சதவீத விற்பனை வரி பொதுப் பாதுகாப்புத் துறைகளுக்கு ஓரளவு ஈடு செய்தது. நூலகத்துக்கும் பூங்காவுக்கும் அதில் இடமில்லை. கவுண்டிகள் நீதிமன்றம் போகாமல் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி தொடர்ந்த வழக்கில் 1994-இலும், சொனோமா கவுண்டி தொடர்ந்த வழக்கில் 2000-இலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. பங்கிடும் அதிகாரத்தைத் திருத்தமே சட்டமன்றத்துக்குக் கொடுத்துவிட்ட பிறகு நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீதிமன்றத்தில் கிடைக்காததை உள்ளாட்சிகள் வாக்குப்பெட்டியில் தேடின. 2004-இல் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகரோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது: இரண்டு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 130 கோடி டாலரை உள்ளாட்சிகள் விட்டுக்கொடுக்கும், பதிலுக்கு, இனிமேல் அவற்றின் பங்கில் கைவைக்க முடியாதபடி அரசியலமைப்பில் பூட்டுப் போடப்படும். முன்மொழிவு 1ஏ என்ற அந்தத் திருத்தத்துக்கு 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் ஆம் என்றார்கள். நிதி நெருக்கடியை ஆளுநர் அறிவித்து, இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால் மட்டும், எட்டு சதவீதம் வரை கடனாக எடுத்து மூன்று ஆண்டுகளுக்குள் வட்டியோடு திருப்ப வேண்டும் என்பது அதில் விட்டுவைத்த சந்து. ஐந்தே ஆண்டுகளில், 2009-இல், மாநிலம் அந்தச் சந்துக்குள் நுழைந்து ஏறத்தாழ 190 கோடி டாலர் எடுத்தது. கடனைத் திருப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் உள்ளாட்சிகள் 2010-இல் முன்மொழிவு 22-ஐக் கொண்டுவந்து அந்தச் சந்து வழியையும் அடைத்தன.

இந்த இடத்தில் உள்ளாட்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மறுமேம்பாட்டு முகமைகள் என்ற பெயரில் நகரங்கள் தாங்களே நடத்திய அமைப்புகள், ஒரு பகுதியைச் சீரழிந்த பகுதி என்று அறிவித்து, அங்கு வளரும் சொத்து வரியைக் கவுண்டியிடமிருந்தும் பள்ளிகளிடமிருந்தும் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டன. மாநிலம் முழுவதும் வசூலாகும் சொத்து வரியில் ஏறத்தாழ 12 சதவீதம் அவற்றின் கைக்குப் போயிற்று. 2011-இல் அவற்றைக் கலைக்கும் சட்டத்தையும், பணம் கட்டினால் பிழைத்திருக்கலாம் என்னும் இன்னொரு சட்டத்தையும் மாநிலம் சேர்த்து இயற்றியது. நகரங்கள் முன்மொழிவு 22-ஐ ஏந்திக்கொண்டு மாநில உச்ச நீதிமன்றம் போயின. டிசம்பர் 29 அன்று வந்த தீர்ப்பு, அதே முன்மொழிவைக் காட்டிப் பணம் கட்டிப் பிழைக்கும் வழியை ரத்து செய்தது. கலைக்கும் சட்டத்தை நிலைநிறுத்தியது. தாங்கள் வடித்த வாளாலேயே முகமைகள் முடிந்தன. அவற்றுக்காக நான் வருந்தவில்லை. சீரழிவு என்ற சொல்லை இஷ்டத்துக்கு இழுத்த நகரங்கள் இருந்தன. உள்ளூர்ப் பணம் உள்ளூரில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது, உள்ளாட்சி எதைச் செய்தாலும் சரி என்ற பொருளில் அல்ல. தவறு செய்தால் கேட்கக்கூடிய தொலைவில் அது இருக்கிறது என்ற பொருளில்.

இப்போதைய சிக்கல் பூட்டை உடைக்காமலே நடக்கிறது. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. 2004 உடன்பாட்டின் ஒரு பகுதியாக வாகன உரிமக் கட்டணம் இரண்டு சதவீதத்திலிருந்து 0.65 சதவீதமாக நிரந்தரமாகக் குறைந்தது. நகரங்களும் கவுண்டிகளும் இழந்த அந்த வருவாய்க்கு ஈடாகச் சொத்து வரியிலிருந்து பணம் தரப்படும் என்று மாநிலம் வாக்களித்தது. அந்த ஈட்டை ஈராஃப் கணக்கிலிருந்தும், போதாவிட்டால் மாநில உதவி பெறும் பள்ளி மாவட்டங்களின் சொத்து வரியிலிருந்தும் எடுக்க வேண்டும். பள்ளிகளுக்கு விழும் குறையை மாநிலம் நிரப்பும். ஆனால் பாலோ ஆல்டோ போன்ற பள்ளி மாவட்டங்கள் உள்ளூர்ச் சொத்து வரியிலேயே தன்னிறைவு பெற்றவை. ‘பேசிக் எய்ட்’ எனப்படும் இவற்றிடமிருந்து எடுக்கச் சட்டத்தில் வழியில்லை. சான் மாட்டியோ கவுண்டியில் பள்ளி மாவட்டங்களில் பெரும்பாலானவை இப்படி ஆகிவிட்டன. ஆக, ஈட்டுத் தொகை சட்டத்தில் இருக்கிறது. எடுத்துக் கொடுக்க ஊற்று இல்லை. பற்றாக்குறையை மாநிலம் தன் பொது நிதியிலிருந்து தந்தால்தான் உண்டு என்ற நிலையில், அந்தக் கவுண்டியும் அதன் நகரங்களும் பட்ஜெட் காலம் வந்தாலே தங்களுக்கு உரியதைக் கேட்டுச் சாக்ரமெண்டோவின் வாசலில் நிற்கின்றன. சின்னஞ்சிறு ஆல்பைன், மோனோ கவுண்டிகளுக்கும் இதே கதிதான்.

இன்னொரு சச்சரவு, எடுத்த ஈராஃப் பணம் பள்ளிகளின் தேவைக்கு மேல் மிஞ்சும் இடங்களில் எழுகிறது. மரின், நாபா, சான் பிரான்சிஸ்கோ, சான் மாட்டியோ, சான்டா கிளாரா ஆகிய கவுண்டிகளில் அப்படி மிஞ்சுவது சட்டப்படி கொடுத்தவர்களுக்கே திரும்ப வேண்டும். எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கணக்கில்தான் இழுபறி. பொது நிதியில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு உரிய தொகையை எப்படிச் சேர்ப்பது என்பது 2020-இல் பெரும் தகராறாக எழுந்தது. சூத்திரத்தில் ஒரு சொல்லை மாற்றினால் கோடிக்கணக்கான டாலர் இடம் மாறும். எந்த வாக்காளரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை.

பணக்காரக் கவுண்டிகளுக்கு எதற்கு இத்தனை பரிவு என்று கேட்பவர்கள் உண்டு. ஏத்தர்டன் மாளிகைகள் இருக்கும் அதே சான் மாட்டியோ கவுண்டியில்தான் ஈஸ்ட் பாலோ ஆல்டோவும் டேலி சிட்டியும் இருக்கின்றன. கவுண்டி மருத்துவமனையின் வாசலில் காத்திருப்பவர்கள் ஏத்தர்டனிலிருந்து வருவதில்லை. வசதியுள்ள கவுண்டியிலிருந்து எடுத்து வசதியற்ற கவுண்டிக்குத் தர வேண்டும் என்று மாநிலம் கருதினால், அதை வெளிப்படையாகச் சொல்லி மக்களிடம் வாக்குக் கேட்கட்டும். ஒருவேளை நானே ஆதரிப்பேன். சூத்திரத்தின் மூலையில் ஒளிந்து செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

இனி உங்களிடம் கேட்பது. மாநில பட்ஜெட்டின் திருத்தம் மே மாத நடுவில் வெளிவருகிறது. ஜூன் 15-க்குள் சட்டமன்றம் அதை நிறைவேற்றியாக வேண்டும். நகர மன்றங்களும் கவுண்டிக் குழுக்களும் தங்கள் பட்ஜெட் விசாரணைகளை நடத்துவதும் ஏறத்தாழ அதே வாரங்களில்தான். அப்போது உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் செனட்டருக்கும் எழுதுங்கள். வாகனக் கட்டண ஈட்டின் பற்றாக்குறையை ஆண்டுதோறும் கெஞ்ச வேண்டியதாக வைக்காமல் நிரந்தரச் சட்டமாக்க வேண்டும் என்றும், ஈராஃப் மிச்சத்தின் கணக்கை முன்தேதியிட்டு மாற்றக் கூடாது என்றும் கேளுங்கள். கவுண்டிக் குழுவிடம் போய், அடுத்த பில்லில் அந்த ஒரு சதவீதத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஈராஃபுக்குப் போகும் சென்ட்டுகளும் அதில் தெரியட்டும்.

எச்1பி விசாவிலும் பச்சை அட்டையிலும் இருக்கும் நண்பர்கள், நமக்குத்தான் வாக்கில்லையே என்று ஒதுங்க வேண்டாம். முழுச் சொத்து வரியும் கட்டும் நீங்கள் இந்த விஷயத்தில் யாருக்கும் குறைந்தவர் அல்ல. பொதுக் கருத்து நேரத்தில் ஒலிவாங்கியின் முன் நிற்பவரிடம் யாரும் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. பேசக் கிடைக்கும் ஓரிரு நிமிடங்களுக்கு, உங்கள் வரி பில்லின் ஒரு நகலைக் கையில் எடுத்துப் போனால் போதும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனாய்ச் சொத்து வரி கட்டும்
சான்டா கிளாரா கவுண்டிவாசி