பள்ளி முடித்த சிறப்புத் தேவையுள்ள இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சியும், கூட நின்று பழக்கும் பயிற்றுநரும் கோரி மனு

அனுப்புநர்
சிறப்புத் தேவையுள்ள இளைஞர்களின் பெற்றோர்,
கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ள இளைஞர்களை வேலைக்குத் தயார்படுத்த மாவட்ட அளவில் ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இருந்தவரை ஏதோ ஒரு துணை இருந்தது. சிறப்பாசிரியர் வந்து பார்த்தார். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாடத்தில் விலக்கு என்று சலுகைகள் கிடைத்தன. பள்ளி முடிந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. அப்புறம் பிள்ளை வீட்டில்தான். பெற்றோரில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கூட இருக்க வேண்டியதாகிறது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பெரிய ஆறுதல். அதைக் குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வேலை செய்ய வரும், அதைப் பழக்கிவிட ஆள் இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறோம்.

எங்களில் ஒருவருடைய மகள், இருபது வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவள், பக்கத்து அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், தரம் பிரிக்கும் மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள். முழுப் பருப்பு, இரண்டாகப் பிளந்தது, நொறுங்கியது என்று பிரித்துப் போடுவதில் கை நிதானம், தப்பே வராது. ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து, முழுப் பருப்பைப் பருமன் பார்த்து இரண்டாகப் பிரி, கருகியதைத் தனியே வை, நிறைந்த தட்டை உள்ளே கொண்டு போ, வந்து எடையைச் சொல் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியவில்லை. எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கும் இடத்தில் ஒருவருக்காக யார் நின்று விளக்குவார்கள்? பிறகு அவளுடைய பழைய சிறப்பாசிரியர் வீட்டில் தட்டுகளை வைத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் மாதிரிக்கு ஒரு பருப்பை ஒட்டிக் காட்டினார். கருகியது உட்பட எல்லாவற்றையும் பிழையில்லாமல் பிரித்தாள். வேலைதான் அதற்குள் போய்விட்டது.

அந்த ஆசிரியர் செய்ததைப் போல, வேலை நடக்கும் இடத்திலேயே முதல் சில மாதங்கள் கூட நின்று, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டி, முதலாளியிடமும் சக தொழிலாளிகளிடமும் பேசி, மெல்ல விலகிக்கொள்ளும் ஒரு பயிற்றுநர்தான் எங்கள் முதல் கோரிக்கை. வட்டத்துக்கு ஒருவராவது வேண்டும். வேலைவாய்ப்பு முகாம்கள் நல்லவைதான். ஆனால் நேர்காணல் மேசையில் இரண்டு நிமிடத்தில் தன்னைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் அவை பயன்படும். எங்கள் பிள்ளைகளின் திறமை பேச்சில் தெரியாது, செய்து காட்டினால்தான் தெரியும்.

பேருந்து ஏறப் பழக்குவதும் அந்தப் பயிற்றுநரின் வேலையில் சேர வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் உடன் வருபவரும் இலவசமாகப் போகலாம் என்பது உண்மை. ஆனால் தினமும் உடன் போக ஒருவர் இருந்தால் அந்த ஒருவருக்குப் பிழைப்பு எப்படி? வடசேரி பேருந்து நிலையத்தில் வழக்கமான இடத்தில் வண்டி நிற்கவில்லை என்றால் என்ன செய்வது, யாரிடம் கேட்பது என்பதைக்கூட நேரில் பலமுறை செய்து பார்த்துத்தான் இவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதைத் தெளிவாகவே சொல்கிறது. அதன் 19-வது பிரிவு, பொதுவான தொழிற்பயிற்சிகளில் இவர்களைச் சேர்ப்பதோடு, அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்குச் சந்தையோடு தொடர்புள்ள தனிப் பயிற்சிகளும் வேண்டும் என்கிறது. 34-வது பிரிவின்படி அரசுப் பணியில் உள்ள 4 சதவீத இட ஒதுக்கீட்டில் இவர்களுக்கும் பங்கு உண்டு. எழுத்துத் தேர்வைத் தாண்டி அந்த இடம்வரை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் போவார்கள் என்பது வேறு விஷயம்.

தேர்வு இல்லாமலே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. கன்னியாகுமரி அரசு பழத்தோட்டத்தில் நாற்றுப் பைகளில் மண் நிரப்பலாம், பதியன்களுக்குத் தண்ணீர் ஊற்றலாம். அரசு ரப்பர் கழகத்தின் நாற்றங்காலிலும் இதே வேலை உண்டு. ஆட்சியர் அலுவலகத்திலேயே பழைய கோப்புகளை எண் வரிசையில் அடுக்கலாம். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் அதில் நம்மைவிடக் கெட்டி. இப்படிச் சில மாதப் பணி அனுபவம், சிறு ஊக்கத்தொகை, முடிவில் என்ன வேலை செய்ய வரும் என்று எழுதிய ஒரு சான்று – இவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறோம். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த பிள்ளை என்றால், மார்த்தாண்டம் தேன் பொதியும் கூடத்திலும் குளச்சல் வலைக்கூடத்திலும் கதவு திறக்கும்.

கற்றல் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகளின் நிலை வேறு. பார்த்தால் ஒன்றும் தெரியாது; சோம்பேறி என்று பெயர் வாங்கிவிடுவார்கள். மோட்டாரைப் பிரித்து மாட்டுவான், பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க முடியாது. பத்தாம் வகுப்பில் கிடைத்த சலுகைகள் கோணம் அரசு ஐடிஐ முதல் எல்லாத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் தொடர, சேர்க்கையின்போதே விவரம் கேட்டுப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், வேலைவாய்ப்பு அலுவலகம் மூன்றும் பெற்றோருடன் உட்கார்ந்து பிள்ளைக்கு ஏற்ற வழியைப் பேசிவிட்டால், பின்னால் இந்த அலைச்சல் பாதி குறையும்.

இன்னும் இரண்டு. வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயத்திலேயே பல பெற்றோர் பிள்ளையை அனுப்புவதில்லை. பயிற்சிக் காலத்தில் நிற்காது, சம்பளம் வந்தபின் விதி இன்னது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அடுத்து, பதினெட்டு வயது கடந்த பிள்ளைக்குச் சம்பளக் கணக்கு தொடங்கப் போனால் வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன்படி அதை வழங்கும் உள்ளூர்க் குழுவுக்குத் தாங்களே தலைவர். குழுவின் அமர்வு ஒன்றை மார்த்தாண்டத்திலும் நடத்தினால் மேற்குப் பகுதிக்காரர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில்வரை அலைய வேண்டியிருக்காது.

மேற்கண்டவற்றைப் பேச, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், வேலைவாய்ப்பு அலுவலர், தொழில் மைய அலுவலர் ஆகியோருடன் எங்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தித் தரும்படியும், பிள்ளைகளுடன் வர வசதியாகத் தேதியை முன்கூட்டியே தெரிவிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: நாகர்கோவில்
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்

இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல், பிள்ளைகளின் தனித்துவ அடையாள அட்டை நகல்கள்.