மேடையைக் குறைத்து மேசையைக் கூட்டுங்கள்

கொழும்புப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைத் தலைவர் அவர்களுக்கும், பழைய மாணவர் ஒன்றுகூடலை ஒழுங்கு செய்வோருக்கும் வணக்கம்.

இலங்கைப் பல்கலைக்கழகக் காலத்துப் பேராசிரியர் மயில்வாகனம் முதல், மின்னல் ஆய்வில் உலகறிந்த வேர்ணன் குரே வரை, துறையின் பெயரைச் சொன்னதும் ஆராய்ச்சியாளர்களின் பெயர்தான் வாயில் வரும். அந்தப் பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் இங்கே படித்தவர்களில் எத்தனையோ பேர் விடிந்தால் போய் நிற்பது ஆஸ்பத்திரியில், வளிமண்டலவியல் திணைக்களத்தில், அளவீட்டு ஆய்வுகூடத்தில், வங்கியில், பாடசாலையில். அவர்களையும் கொண்டாடுங்கள். பொன்னாடை வேண்டாம், ஆளுக்கொரு மேசை, அவரவர் கருவி, எட்டு மாணவர், பதினைந்து நிமிடம் கொடுங்கள்.

மருத்துவப் பௌதிகவியலாளரின் மேசைக்கு ஒரு வெப்பமானியும் காற்றமுக்கம் அளக்கும் பாரமானியும் போதும். கதிர்வீசும் பொருளைக் கொண்டுவர அனுமதி தேவை. இங்கே அது வேண்டியதுமில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் நேரியல் ஆர்முடுக்கி என்ற இயந்திரம் தரும் கதிரை அளக்கும் சிறு கருவியான அயனாக்க அறை, வெளிக்காற்றுக்குத் திறந்தது. அதன் அளவுத்திருத்தம் பொதுவாக 20 பாகை செல்சியஸ், 101.3 கிலோபாஸ்கலுக்கு உரியது. சிகிச்சை அறை 24 பாகையில் இருந்தால் கருவிக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 1.4 சதவீதம் குறையும், வாசிப்பும் அப்படியே குறையும். திருத்த மறந்தவர் இயந்திரம் குறைவாகத் தருகிறது என்று நினைத்துக் கூட்டிவிட்டால், அந்த அளவு நோயாளியின் உடம்பில் கூடுதலாக இறங்கும். உயர்தரத்தில் பாடமாக்கிய வாயுச் சமன்பாடு ஒரு நோயாளிக்குக் காவல் நிற்கும் இடம் இது. மாணவரே கணக்கைப் போடட்டும். பாகையைக் கெல்வினுக்கு மாற்றாமல் போட்டால் 20 சதவீதம் வரும். பிழையின் பருமன் அப்போது புரியும்.

அளவீட்டு ஆய்வுகூடத்தாருக்கு மின்விசிறி படாத மூலை வேண்டும். மில்லிகிராம் காட்டும் தராசு மூச்சுக்கே ஆடும். மின்னிணைப்புக் கொடுத்து அரை மணி நேரமாவது பொறுக்காமல் எடை பார்த்தால் எண் நகர்ந்துகொண்டே போகும். படிக்கல்லை வெறுங்கையால் தொடக் கூடாது: சூடேறிய கல்லைச் சுற்றிக் காற்று மேலெழுந்து, உண்மையிலும் இலேசாகக் காட்டும். கொழும்பில் சரிபார்த்த இலத்திரனியல் தராசு நுவரெலியாவில் 10 கிலோ தேயிலைக்குச் சில கிராம் குறைத்துக் காட்டுவதையும், புவியீர்ப்பு அங்கே சற்றுக் குறைவதுதான் காரணம் என்பதையும் அவர்கள் சொல்லவேண்டும்.

வங்கிக்கும் மென்பொருளுக்கும் போனவர்களிடம் காட்டக் கருவி இருக்காது. ஆளுக்கொரு வரைபடம் கொண்டுவரச் சொன்னால் சரி.

ஆசிரியர்களைத் தயவுசெய்து பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்துவிடாதீர்கள். மேசைக் குறிப்புகளை மூன்று மொழியிலும் எழுதித்தரத் தகுந்தவர்கள் அவர்களே. உந்தம், ஆர்முடுகல் என்று பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டில் படித்த பிள்ளை, முதல் வருட விரிவுரையில் மொமென்டம், எக்ஸலரேஷன் என்று கேட்டுத் திகைப்பது எந்தச் சொல்லில் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வானிலை முன்னறிவிப்பாளரின் பாரமானியை மண்டப வாசலில் வையுங்கள். நம் பக்கத்தில் அமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும்: காலை 10 மணியளவில் உச்சம், மாலை 4 மணியளவில் தாழ்வு, வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவில். இந்த அன்றாட இறக்கத்தைத் தாழமுக்கம் என்று எண்ணி ஏமாறாதிருக்க, முன்னறிவிப்பாளர் நேற்று இதே நேரத்து வாசிப்போடு ஒப்பிடுவார். கருவியை இடையில் மாடிக்குத் தூக்காதீர்கள். 8 மீற்றர் ஏறினாலே ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். காலை 10 மணி வாசிப்பைப் பக்கத்துக் கரும்பலகையில் ஒரு மாணவி எழுதட்டும். மாலை 4 மணிக்கு, எல்லோரும் புறப்படும் வேளையில், அதன் கீழே இரண்டாவது எண்ணையும் அவரே எழுதட்டும்.

அன்புடன்,
பழைய மாணவர் சிலர், கொழும்பு