ஒரு மூலக்கூறுக்கு 20 லட்சம் ஓம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நியூயார்க்கில் ஜனவரிக் குளிர் எலும்பு வரை இறங்குகிறது, சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் கும்மிருட்டு. சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை கிடைக்கிறது.

"ஒரு மூலக்கூறு எப்படிப்பா டையோடு ஆகும்?" என்று போனில் கேட்டீர்கள், அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. நம் கடை டிராயரில் கிடக்கிற 4007 டையோடில் கரண்ட் ஒரு பக்கம்தானே போகும்? அதே வேலையை ஒற்றை மூலக்கூறே செய்யும் என்று 1974-லேயே அவிராம், ராட்னர் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மூலக்கூறின் ஒரு பாதி எலக்ட்ரானைச் சுலபமாகக் கொடுக்க வேண்டும், மறு பாதி வாங்கிக்கொள்ள வேண்டும், நடுவில் இரண்டையும் பிரித்து வைக்க ஒரு பாலம். காகிதத்தில் சரி, ஆனால் இவ்வளவு சின்ன சாமானுக்கு ஒயர் கொடுப்பது எப்படி?

தங்கக் கம்பியின் முனையைத் தங்கம் பூசிய தகட்டில் அழுத்தி மெதுவாக மேலே இழுப்போம். இழுக்க இழுக்க மெலிந்து, கடைசியில் ஒரே ஒரு அணு மட்டும் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும், அப்போது ரெசிஸ்டன்ஸ் சுமார் 12,900 ஓம். இன்னும் இழுத்தால் அறுந்துவிடும். அந்த இடைவெளியில், மேலே விட்ட கரைசலிலிருந்து ஒரு மூலக்கூறு வந்து இரு முனைகளையும் பிடித்துக்கொண்டால், ரெசிஸ்டன்ஸ் சட்டென்று ஏறி ஓரிடத்தில் கொஞ்சம் நிற்கும். ஆறு கார்பன் அணுக்கள் கோத்த பென்சீன் வளையத்தின் இரண்டு பக்கமும் அமீன், அதாவது தங்கத்தைப் பிடித்துக்கொள்கிற நைட்ரஜன் கொக்கி, வைத்தால் அது ஏறக்குறைய 20 லட்சம் ஓம். ஒரு தடவை வந்ததை நம்பக் கூடாது, ஆயிரக்கணக்கில் ஒட்டி, இழுத்து, அறுத்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த அளவு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரியும்.

அப்புறம், என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டது 2006-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லதா வெங்கட்ராமன் குழு காட்டிய விஷயம். இரண்டு பென்சீன் வளையங்களைச் சேர்த்த மூலக்கூறில், இரண்டும் ஒரே தளத்தில் தட்டையாக இருந்தால் கரண்ட் நன்றாகப் போகிறது, ஒன்றை மற்றதற்குக் குறுக்கே திருப்பத் திருப்பக் குறைகிறது, ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருப்புகிற மாதிரி. கையால் திருப்ப முடியாது, வளையத்தின் ஓரத்தில் கூடுதலாகச் சில அணுக்களை வைத்துக் கட்டினால் அவை ஒன்றையொன்று நெருக்கித் தானாகத் திரும்பிக்கொள்ளும்.

இதை வைத்து ரேடியோ செய்யலாமா என்றால், இப்போதைக்கு முடியாது. நாங்கள் இழுக்கிற வேகத்தில் மூலக்கூறு ஒரு நொடிகூட நிற்பதில்லை, நினைத்த இடத்தில் பலவற்றைக் கோத்து சர்க்யூட் ஆக்க நம்பகமான வழியும் இன்னும் வரவில்லை. சிலிக்கானை இது ஓரங்கட்டிவிடும் என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. வடிவத்தை மாற்றினால் கரண்ட் மாறுவதைக் கண்ணெதிரே அளக்க முடிகிறதே, எனக்கு அதுவே பெரிய விஷயம்.

சால்டரிங் வைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள் அப்பா, அந்தப் புகை உங்களுக்கு ஆகாது. அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன், மிச்சக் கேள்விகளை எழுதி வையுங்கள்.

அன்புடன்,
கண்ணன்