நம்ம ஊர் சீகைப் பூதான் அது

என் கண்ணு,

மகளிர் தினமான மார்ச் 8 அன்று இத்தாலியிலிருந்து நீ அனுப்பிய படத்தை அன்றைக்கே பார்த்துவிட்டேன். பதில் எழுதத்தான் ஒரு வாரம் ஆகிவிட்டது. கூட வேலை செய்கிற அக்கா உன் மேசையில் வைத்துவிட்டுப் போன மஞ்சள் பூங்கொத்துக்கு மிமோசா என்று பெயர் சொன்னாராமே. பெயரைக் கேட்டதும் நான் படத்தில் தொட்டாச்சிணுங்கியைத் தேடினேன். தாவரவியலில் மிமோசா அதுதானே! பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது சீகை. சீயக்காய் இல்லை, ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்களே, அது. கோத்தகிரியில் நம் வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க நிற்கிறதே, அதே மரம்.

இந்தப் பூவை நாம் தலையில் வைத்ததுமில்லை, சாமிக்குப் போட்டதுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். வெட்ட வெட்ட வேரிலிருந்து துளிர்த்துப் புல்வெளிக்குள் இறங்கிவிட்டது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் எவ்வளவோ அதனடியில் போய்விட்டது. அதைக் களை என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

சரி, இத்தாலியில் மகளிர் தினத்துக்கு ஏன் இந்தப் பூ என்று தேடிப் படித்தேன். போர் முடிந்து 1946 மார்ச் 8ஐ நாடு முழுக்கக் கொண்டாட ஏற்பாடு செய்தபோது, எந்தப் பூவைக் கொடுப்பது என்று பேச்சு வந்ததாம். வயலட் பூ விலை அதிகம். மிமோசாவைச் சொன்னவர்களில் ஒருவர் தெரேசா மத்தேய். நாஜிகளை எதிர்த்துப் போராடிய பெண். அதே வருடம் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானவர்களில் மிக இளையவர். மார்ச் தொடக்கத்தில் தானாகப் பூத்து நிற்கும், ஏழைப் பெண்ணும் காசில்லாமல் ஒடித்துக்கொள்ளலாம் என்பதுதான் காரணம்.

அதைப் படித்ததும் உன் அம்மாயி கண்ணுக்குள் வந்து நின்றாள். எஸ்டேட் வேலை முடிந்து சாயங்காலம் இந்தச் சீகை விறகைத்தான் தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு மேடேறி வருவாள். சும்மாட்டை எடுத்து உதறினால் மஞ்சள் தூளாகக் கொட்டும். அந்த விறகில் வெந்த சோற்றைத் தின்றுதான் நான் படித்தேன். பெண்களுக்கென்று ஒரு நாள் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அந்த அக்காவிடம் இதைச் சொல்லு கண்ணு. என் அம்மாயி சுமந்த மரம் இது என்று சொல்லு.

அது பிறந்த ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் 1ஆம் தேதி இந்த இனத்துக்கென்றே ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். அங்கே அப்போதுதான் வசந்தம் தொடங்குகிறது.

அப்புறம், ஒன்றை மறந்துவிடாதே. ஆயுத பூஜைக்கு நாம் கூடை கூடையாக வாங்குகிற சாமந்தி இத்தாலியில் கல்லறைக்கு வைக்கிற பூ. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குக் கடையெல்லாம் அதுதான் இருக்கும். அழகாக இருக்கிறதே என்று யார் வீட்டுக்கும் வாங்கிக்கொண்டு போய்விடாதே.

சித்திரை பிறக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. நம் குளிரில் வேம்பு வராதே, அதனால் போன வருடம் அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டுவந்த வேப்பம்பூவைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். வெல்லம் போட்டுப் பச்சடி செய்து அந்த அக்காவுக்கும் ஒரு கரண்டி கொடு. கசக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா