திமிங்கலப் புத்தகத்தின் டம்மி

அன்புள்ள கண்ணம்மா,

அச்சுக்கு முன் நீ செய்த மாதிரிப் புத்தகம், அந்த டம்மி, கைக்கு வந்தது. வண்ணமெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீலத் திமிங்கலத்துக்குப் பல் வரைந்து வைத்திருக்கிறாயே! அதற்குப் பல்லே கிடையாது. மேல்தாடையிலிருந்து சீப்புப் போலத் தொங்கும் தகடுகள்தான். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். திமி என்ற பெருமீனையே விழுங்குவது என்று பேர்தான் பெரிது. அது தின்பதோ கூனி இறால் மாதிரியான கிரில். தொண்டை குறுகல், ஆள் நுழைய முடியாது. பையன் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் பக்கம் கற்பனையாக இருந்துவிட்டுப் போகட்டும். அதே பக்கத்தில் ‘தெரிந்துகொள்வோம்’ பெட்டியைப் போடாதே, குழந்தை இரண்டையும் சேர்த்தே நம்பிவிடும்.

வால் 9ஆம் பக்கத்தில் செங்குத்தாக நிற்கிறது. அது மீன் வால். திமிங்கலத்தின் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழும் அடிக்கும். பக்கவாட்டில் வரையும்போது அது மெல்லிய கோடாகத்தான் தெரியும். அழகு போதவில்லை என்று திருப்பி வைக்கும்போதுதான் பிழை வருகிறது. வாலின் முழு விரிவும் வேண்டுமானால், முங்கும் நேரத்தைப் பின்னாலிருந்து வரை.

தலைமேல் குழாய்த் தண்ணீர் போலப் பீய்ச்சுவதையும் எடுத்துவிடு. அது மூச்சு, ஈரக்காற்று வெளியே வந்து புகைமூட்டமாக நிற்கிறது. நீலத் திமிங்கலத்துக்கு மூச்சுத்துளை இரண்டு, மூச்சு 9 மீட்டர் வரை எழும்பும். கண்ணை நெற்றியில் வைக்காதே, வாய் முடியும் மூலைக்குச் சற்று மேலே இருக்கட்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு. 24 மீட்டர் திமிங்கலத்தை இரண்டு பக்கம் சேர்த்து 40 சென்டிமீட்டரில் வரைந்தால் 60க்கு 1. அருகில் நிற்கும் 1.2 மீட்டர் சிறுமி 2 சென்டிமீட்டர்தான் வருவாள். 6 சென்டிமீட்டர் அன்டார்க்டிக் கிரில் வெறும் 1 மில்லிமீட்டர் புள்ளி. அதைத் தனி வட்டத்துக்குள் பெரிதாக்கிக் காட்டு.

இந்த விரிபடத்தை 16-17இல் வை. நடுமடிப்பில் பின் அடிக்கும் 32 பக்க சென்டர் பின் புத்தகத்தில் நடுத்தாள் ஒரே தாள். மற்ற இடங்களில் இரு பாதியும் வெவ்வேறு தாளில் அச்சாகும், திமிங்கலத்தின் முதுகுக்கோடு ஒரு மில்லி ஏறி இறங்கும், நீலமும் மாறும். நடுவிலும் மடிப்பின்மேல் கண்ணோ துடுப்போ விழ வேண்டாம், பின் குத்தும். நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லி அதிகம் விடு.

கடல் நீலம் திரையில் ஒன்று, தாளில் ஒன்று. அச்சு மையில் சயான் என்ற நீலத்தை 100 சதவீதம் வைத்து, மஜந்தா என்ற இளஞ்சிவப்பை 70க்கு மேல் ஏற்றினால் கத்தரிப்பூ நிறமாகிவிடும். அந்த நீலத்தின்மேல் வெள்ளை எழுத்தைச் சிறிதாக வைத்தால் மை பரவி ண, ஞ சுழிகள் அடைத்துக்கொள்ளும். 18 பாயிண்டுக்குக் குறையாமல், தடித்த எழுத்தாக வை. மொத்தமும் அடிக்கும் முன் 16-17ஐ மட்டும் அச்சிடப்போகும் அதே தாளில் ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு, எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்.

அன்புடன்,
அப்பா