மாநில கோல்ஃப் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: டிரெய்லரோடு வருகிறவர் எங்கே நிறுத்துவது?

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கும், போட்டிக்கு இடம் தரும் கிளப்களின் மேலாளர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் மாநில அமெச்சூர் போட்டிகளுக்கும் தகுதிச் சுற்றுகளுக்கும் கேம்பர் டிரெய்லரை (உள்ளேயே தங்கும் வசதியுள்ள இழுவண்டியை) இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். உங்களிடம் முக்கியமாகக் கேட்பது ஒன்று. போட்டி அறிவிப்போடு டிரெய்லருக்கென்று அரைப் பக்கம் சேர்த்துப் போடுங்கள். எந்த வாசல் வழியாக வருவது, எங்கே நிறுத்துவது, இரவு தங்கலாமா கூடாதா என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருந்தால் போதும். "கூடாது" என்பதும் எங்களுக்கு நல்ல பதில்தான். பதிலே இல்லாமல் 45 அடி வண்டியோடு கிளப் வாசலில் வந்து நிற்பதுதான் எங்களுக்கும் உங்களுக்கும் தொல்லை.

செலவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் வந்த அமெச்சூர் தகுதி விதிகளின்படி பரிசுக்கு உச்ச வரம்பு 1,000 டாலர். நுழைவுக் கட்டணம், பயிற்சிச் சுற்று, எரிபொருள், மூன்று இரவு ஹோட்டல் என்று கூட்டிப் பார்த்தால், வென்றவருக்குக்கூடக் கைக்காசு போகும். டிரெய்லரில் வருவதால்தான் பலரால் ஒரு பருவத்தில் நாலைந்து போட்டிகளாவது ஆட முடிகிறது. ஓய்வு பெற்றவர்களும் குடும்பத்தோடு வருகிறவர்களும் இதில் அதிகம்.

போட்டிகள் எல்லாமே ஒரே மாதிரியான சிக்கலைத் தருவதில்லை. 1984 முதல் தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் நடக்கும் உலக அமெச்சூர் ஹேண்டிகேப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் நாளுக்கொரு மைதானம் போகிறார். டிரெய்லர் வாரம் முழுவதும், டிரெய்லர்கள் தங்குவதற்கென்றே உள்ள கடலோர முகாமிலேயே நிற்கும், பிக்கப் மட்டும்தான் மைதானத்துக்கு வரும். அங்கே கிளப்புக்கு ஒரு சுமையும் இல்லை.

தலைவலி இரண்டு நாள், மூன்று நாள் போட்டிகளில்தான். முகாம்களில் இடத்தைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் காலை 11 அல்லது நண்பகல். மொத்த அடிகளை (ஸ்ட்ரோக்) எண்ணி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஸ்ட்ரோக் பிளேயில் கடைசி நாள் ஜோடிகளை மதிப்பெண் வரிசையில் அமைக்கிறீர்கள். முன்னணியில் இருப்பவருக்குக் கடைசி டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்), பகல் 12:40 என்று வைத்துக்கொள்வோம். அவர் காலையிலேயே ஜாக்கை (டிரெய்லரைத் தாங்கும் காலை) ஏற்றி, மின்கம்பியைச் சுருட்டி, கழிவுத் தொட்டியைக் காலி செய்து, டிரெய்லரை மாட்டிக்கொண்டு நேரே மைதானத்துக்குத்தான் வந்தாக வேண்டும். நன்றாக ஆடியவருக்குத்தான் வண்டி நிறுத்தும் பிரச்சினை! கோல்ஃப் விதி 5.3அ இரக்கம் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்துக்குள் தாமதமானால் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை, அதைத் தாண்டினால் தகுதி நீக்கம். வாகனம் நிறுத்த இடம் தேடி அலைந்தது விதிவிலக்கில் வராது, வரவும் கூடாது. ஆகவே இரவு தங்க அனுமதிக்காத கிளப்கூட, கடைசி நாளில் டிரெய்லர் ஆறு மணி நேரம் நிற்க ஓர் இடம் ஒதுக்கினால் பெரிய உதவி. அதற்கு மின்சாரமோ தண்ணீரோ வேண்டாம். குளிர்பெட்டி புரோபேனிலோ பேட்டரியிலோ ஓடிக்கொள்ளும்.

ஒரே நாளில் 36 ஹோல் ஆடும் தகுதிச் சுற்றுகளில் இன்னொரு கஷ்டம் உண்டு. இருட்டிவிட்டால், சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃப் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகும். அந்த ஒற்றை இரவுக்கு முகாமில் இடம் கிடைப்பது அரிது. அன்றைக்கு மட்டும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்று கிளப்போடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இனி இடம். நான்கு கதவு பிக்கப் ஏறக்குறைய 20 அடி, டிரெய்லர் 25 அடி. சாதாரண கார் கட்டம் 9 அடி அகலம், 18 அடி நீளம். குறுக்கே போட்டால் ஐந்து கட்டங்களை அடைத்துவிடுவோம், ஆனால் அவை ஓரத்துக் கட்டங்களாக இருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இடத்தின் பரப்பைவிட முக்கியம், போன வழியே ரிவர்ஸில் வராமல் சுற்றி வெளியேற முடிகிறதா என்பது. மேலே ஏசி பெட்டியோடு டிரெய்லரின் உயரம் பத்து, பதினோரு அடி இருக்கும். கிளப் ஹவுஸ் முகப்புக் கூரையும், நுழைவுப் பாதையில் தாழ்ந்து தொங்கும் ஓக் கிளையும்தான் ஏசி மூடியை உடைக்கிற இரண்டு எதிரிகள். இதையெல்லாம் நீங்கள் டேப் வைத்து அளக்கத் தேவையில்லை. சமையலறைக்குச் சரக்கு கொண்டுவரும் லாரி எந்த வழியாக வந்து எங்கே திரும்புகிறது என்று மேலாளரிடம் கேளுங்கள். அந்த லாரி போகிற பாதையில் நாங்களும் போய்விடுவோம்.

புல்வெளியைக் காட்டி "அங்கே நிறுத்துங்கள்" என்று சொல்லும் முன் புல் பராமரிப்புத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரவில் ஸ்பிரிங்க்ளர் ஓடும் இடமா? ஓடினால் டயருக்கடியில் மண் இளகும். ஜாக் இறங்கும், டிரெய்லர் சாயும். காலையில் இழுத்தால் சக்கரத் தடம் பள்ளமாகப் பதியும், ஸ்பிரிங்க்ளர் தலை ஒன்று உடைந்தால் அந்தப் பகுதியின் பாசனமே நின்று கிடக்கும். புல் வெட்டும் ஆட்கள் ஐந்து மணிக்கே வந்துவிடுவார்கள், அவர்களுடைய கொட்டகை வாசலை மறிக்கிற இடம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும் வேண்டாம். பந்து விழும் இடமா என்பதும் பார்க்க வேண்டியதுதான். வலக்கை ஆட்டக்காரரின் ஸ்லைஸ் (வளைந்து விலகிப் போகும் அடி) வலப்பக்கம்தான் போகும். டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) பார்க்க ஹோலுக்கு வலப்புறம் இருக்கும் நிறுத்துமிடத்தில் டிரெய்லரின் பிளாஸ்டிக் கூரை ஜன்னல் ஒரு நாள் தப்பிக்கலாம், இரண்டாம் நாள் சந்தேகம்தான்.

மின்சாரம்தான் நல்லெண்ணத்தால் அதிகம் கெடுகிற விஷயம். "கார்ட் கொட்டகையில் சாக்கெட் இருக்கிறது, செருகிக்கொள்ளுங்கள்" என்று அன்போடு சொல்லும் கிளப்கள் பல. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்த 15 ஆம்ப் சர்க்யூட்டில் ஏற்கெனவே கார்ட் (மைதானத்தில் ஓட்டும் மின்வண்டி) சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல் டிரெய்லர் ஏசி ஏறினால் நள்ளிரவில் பிரேக்கர் விழும். யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லாரும் வெவ்வேறு ஹோல்களிலிருந்து ஒரே நேரத்தில் தொடங்கும் காலை எட்டு மணி ஷாட்கன் ஸ்டார்ட்டுக்குப் பாதி சார்ஜில் கிளம்பும் கார்ட் பன்னிரண்டாவது ஹோலில் நின்றுவிடும்.

தனி இணைப்பு போட விரும்பும் கிளப்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிரெய்லருக்கான 30 ஆம்ப் சாக்கெட்டின் பெயர் டிடி-30. அது 120 வோல்ட்; ஒரு உயிர்க்கம்பி, ஒரு நியூட்ரல், ஒரு எர்த். வீட்டு வேலையே பார்த்துப் பழகிய எலெக்ட்ரீஷியன் "30 ஆம்ப்" என்றதும் துணி உலர்த்தி இணைப்பு என்று எண்ணி இரண்டு உயிர்க்கம்பி கொடுத்து 240 வோல்ட் ஆக்கிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. செருகிய நொடியில் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், ஏசி போர்டு எல்லாம் கருகிப் போகும். சாக்கெட் பொருத்தியதும் மல்டிமீட்டரை உயிர்க்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். 120-க்கு அக்கம்பக்கம் காட்டினால் சரி, 240 காட்டினால் பிரேக்கரை இறக்கிவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். எங்களில் விவரம் தெரிந்தவர்கள் எப்படியும் செருகுமுன் அளந்துதான் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவர் அளக்க மாட்டார்.

தண்ணீரில் தவறு நேர்ந்தால் பொருளோடு போகாது, உடம்பைப் பாதிக்கும். அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடாவில் பல மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் புல்லுக்குப் பாய்ச்சுகின்றன. ஊதா நிறக் குழாய், ஊதா மூடி என்றால் அதுதான். அது இல்லாத மைதானத்திலும் பாசனக் குழாயில் உரம் கலந்து ஓட வாய்ப்புண்டு, அழுத்தமும் 100 பிஎஸ்ஐ தொடும். டிரெய்லர் குழாய்களுக்கு நாங்கள் ரெகுலேட்டர் போட்டு 40, 50-க்குள் வைத்துக்கொள்கிறோம். இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தவர் கண்ணில் பட்ட முதல் குழாயில் ஹோஸை மாட்டிவிடக்கூடும். ஆகவே குடிநீர் வருவது கிளப் ஹவுஸ் சுவரில் உள்ள எந்தக் குழாய் என்று அந்த அரைப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல் எடை. அதனால்தான் ஊரிலிருந்தே நிரப்பிக்கொண்டு வராமல் இங்கே வந்து நிரப்பப் பார்க்கிறோம். லாக்கர் அறைக் குளியலை மாலைவரை திறந்து வைத்தால் எங்கள் சோப்புத் தண்ணீர்த் தொட்டி மூன்று இரவும் தாங்கிவிடும்.

எங்கள் தரப்பில் கேட்காமலே தர வேண்டியவையும் உண்டு. ஜாக்குக்கு அடியில் பலகை வைக்காமல் தார் மேல் இறக்க மாட்டோம். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் புல்லில் விடக்கூடாது. கழிவு, முகாமில் அதற்கென்று உள்ள தொட்டியில்தான். ஜெனரேட்டர் இரவு பத்துக்கு மேல் ஓடாது. வெயில் நேரத்தில் ஆட்டத்துக்குப் போகுமுன் நாயை டிரெய்லருக்குள் பூட்டிவைக்கக் கூடாது. நிழல் விரிப்பைச் சுருட்டாமல் ஆட்டத்துக்குப் போவதும் குற்றமே. ஐந்து மணி நேரத்தில் காற்று ஒன்று எழும்பினால் விரிப்பு பிய்ந்து அடுத்தவர் கார் மேல் விழும். டிரெய்லரின் பின்புறத் தட்டில் இரண்டு கோல்ஃப் பை, தள்ளுவண்டி, ஐஸ் பெட்டி என்று ஏற்றிக் கட்டுகிறவர்களையும் கண்டிக்கிறோம். அச்சுக்குப் பின்னால் ஏறும் எடை, பிக்கப்போடு மாட்டும் கொக்கியின் மேல் விழும் எடையைக் குறைக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடந்து போகும் காற்றுக்கே வால் ஆடத் தொடங்கும். பையின் இடம் பிக்கப்பின் உள்ளேதான். மட்டைகளின் கிராஃபைட் தண்டுகளுக்கும் அதுவே நல்லது.

வழி சொல்லும்போது கொஞ்சம் யோசியுங்கள். கைபேசி வரைபடம் எங்களை கார் என்றே நினைக்கிறது. நியூயார்க் பார்க்வேக்களில் (கார்களுக்கான சாலைகளில்) டிரெய்லருக்கு அனுமதி இல்லை, பாலங்களும் தாழ்வு. அங்குள்ள பெத்பேஜ் பூங்காவின் ஐந்து கோல்ஃப் மைதானங்களுக்கும் வரைபடம் பார்க்வேயைத்தான் முதலில் காட்டும். டிரெய்லர்காரருக்கு 495 நெடுஞ்சாலையில் வந்து 135 எக்ஸ்பிரஸ்வேயில் திரும்பச் சொல்ல வேண்டும். பால்ட்டிமோரில் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கம், ஹார்பர் சுரங்கம் இரண்டிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோபேன் சிலிண்டருக்குத் தடை. எங்கள் சிலிண்டர் 20 பவுண்டு. முன்பெல்லாம் கீ பாலத்தில் போவார்கள். அது 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி இடிந்தபின் 695 சுற்றுச்சாலையின் மேற்குப் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். மேரிலாந்தில் போட்டி என்றால் இந்த ஒரு வரி ஒருவருடைய டீ டைமைக் காப்பாற்றும்.

தெற்கே ஜூலை, ஆகஸ்டில் கிளப் நிறுத்துமிடத்தில் இரவு தங்குவதை நாங்களே பரிந்துரைக்க மாட்டோம். ஏசி இல்லாமல் தூக்கம் வராது, பேட்டரியில் ஏசி நெடுநேரம் ஓடாது. அதற்கு நல்ல வழி, ஆண்டுக்கு ஒரு போட்டியையாவது மைதானமும் முகாமும் ஒரே எல்லைக்குள் உள்ள மாநிலப் பூங்காக்களில் வைப்பது. அலபாமாவில் கல்ஃப் ஸ்டேட் பார்க், டென்னசியில் மான்ட்கோமரி பெல், மேற்கு வர்ஜீனியாவில் பைப்ஸ்டெம், ஒஹாயோவில் ஹூஸ்டன் வுட்ஸ் எல்லாம் அப்படிப்பட்டவை. பல பூங்காக்களில் ஆறு மாதம் முன்பே, சிலவற்றில் ஓராண்டு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். உங்கள் அட்டவணை அதற்குப் பிறகு வெளிவந்தால் வார இறுதி இடங்களெல்லாம் போயிருக்கும். தேதி முடிவானதும், நுழைவுப் படிவம் தயாராகும்வரை காத்திராமல், தேதியை மட்டுமாவது அறிவித்துவிடுங்கள்.

இரவு தங்க விடுவது புதுப் பழக்கமும் இல்லை. ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்த கோல்ஃப் மைதானங்கள் தண்ணீர், கழிவறை எல்லாம் உள்ளேயே உள்ள தன்னிறைவான வண்டிகளை ஓர் இரவு நிறுத்த விடுகின்றன. உங்கள் மாநிலத்தில் அப்படி உள்ள மேலாளர் யாரையாவது கூப்பிட்டு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அதோடு ஊர்ச் சட்டத்தையும் காப்பீட்டையும் விசாரித்துவிடுங்கள். வாகனத்தில் இரவு தங்குவதைத் தடுக்கும் ஊர்கள் இருக்கின்றன, அங்கே கிளப்பை வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்லை. அந்த இடத்தில் அருகிலுள்ள முகாமின் பெயரையும் தூரத்தையும் எழுதினாலே போதும்.

அடுத்த பருவத்துக்கான பதிவுப் படிவத்தில் ஐந்து கேள்விகளைச் சேர்க்க வேண்டுகிறோம்: டிரெய்லரோடு வருகிறீர்களா, இழுக்கும் வண்டியோடு சேர்த்து மொத்த நீளம் எத்தனை அடி, உயரம் எத்தனை, எத்தனை இரவு, கடைசி நாளில் மட்டும் நிறுத்த இடம் வேண்டுமா. வந்த பதில்களைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கிளப் மேலாளருக்கும், அன்று காலை வாசலில் நிற்கப்போகிற தன்னார்வலருக்கும் அனுப்பிவிடுங்கள். கையில் அந்தத் தாள் இல்லாத தன்னார்வலர் எங்களைக் கிளப் ஹவுஸ் முகப்புக்கே அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
டிரெய்லரில் வந்து ஆடும் அமெச்சூர் கோல்ஃப் ஆட்டக்காரர்கள்