கோவைத் தத்துவக் கூட்டக்காரர்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

நான் திருப்பூரில் சாயத் தொழிலில் ஷேடு, அதாவது நிறம் சரியாகப் பொருந்துகிறதா என்று, பார்க்கிறவன். வார இறுதிகளில் கூட்டம் நடத்துகிற உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. எந்தத் தலைப்பில் ஆரம்பித்தாலும் நீங்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: கண் ஏமாறுகிறது, ஆகவே நாம் பார்ப்பது உலகத்தையே அல்ல, மூளை உள்ளுக்குள் ஓட்டும் படத்தை. திரையில் நாலு மாயத்தோற்றம், கைதட்டல், அப்புறம் காபி. முதல் பாதியிலிருந்து இரண்டாவதுக்கு எப்படித் தாவினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

1889-இல் முல்லர்-லையர் காட்டிய, முனைகளில் உள்ள அம்புக்குறிகளால் நீளம் வேறாகத் தெரிகிற இரண்டு கோடுகளும் சமம் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஸ்கேலை வைத்து, அதன் எண்ணைக் கண்ணால் படித்துத்தானே. கண் சாட்சியே செல்லாது என்றால் உங்கள் உதாரணமும் சேர்ந்தே செல்லாமல் போகும்.

1995-இல் பார்வை ஆய்வாளர் ஏடல்சன் செய்த சதுரங்கப் பலகைப் படம் இன்னும் மோசமான சாட்சி, உங்களுக்கு. நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் தாளில் ஒரே சாம்பல். ஆனால் அப்படித் தெரியாது. நிழலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறம் என்ன என்று பார்க்கத்தான் கண் பழகியிருக்கிறது. வெயிலில் நின்றாலும் வேப்பமர நிழலில் நின்றாலும் வேட்டி வெள்ளையாகவே தெரிவது இதனால்தான். தன் வேலையை ஒழுங்காகச் செய்த கண்ணைப் போய்த் திட்டுகிறீர்கள்.

உங்களிடம் பலமான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிரமையில் காண்பதும் நேரில் காண்பதும் அனுபவிக்கிறவருக்கு ஒரே மாதிரி இருக்கலாம். பிரமையில் எதிரே பொருள் கிடையாது. எனவே நேரில் காணும்போதும் நேரடியாகக் கிடைப்பது உள்ளே இருக்கும் படம் மட்டுமே.

இங்கேதான் விளக்கை மாற்றி மாற்றித் துணியின் நிறம் பார்க்கும் எங்கள் லைட் பாக்ஸ் வருகிறது. ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பிய துணியையும், அதைப் பார்த்து நாங்கள் சாயம் போட்ட மாதிரித் துண்டான லேப் டிப்பையும் பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சில சமயம் துளி வித்தியாசம் தெரியாது, அதையே கடை வெளிச்சத்துக்கான டிஎல்84-க்கு மாற்றினால் ஒன்று பச்சை அடிக்கும், இன்னொன்று சிவப்பு அடிக்கும், ஏனென்றால் சாயக் கலவையே வேறு. இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பிரித்தறிய முடியவில்லை, அதனால் இரண்டும் ஒன்றே என்று பாஸ் பண்ணுகிறவனை எந்த பட்டறையிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் மேடையில் அதே கணக்குக்குக் கைதட்டல் விழுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஜே.எல். ஆஸ்டினும் இதைத்தான் கேட்டார். 1962-இல், அவர் இறந்தபின் வந்த விரிவுரைகளில், எலுமிச்சையும் சோப்பும் வேறு என்பதால் எலுமிச்சை போலவே தெரிகிற சோப்பே இருக்கக் கூடாதா என்கிறார்.

நம் மணிமேகலையில் சமயக் கணக்கர் வாதிடும் காதையைப் புரட்டுங்கள். இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று கொள்வது அங்கே திரியக் கோடல், அதாவது ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது; அளவைக்கு, அதாவது அறியும் வழிக்கு, நேரும் எட்டுக் குற்றங்களில் ஒன்று. குற்றம் உண்டு என்பதற்காகக் காட்சியை, அதாவது புலனால் நேரே அறிவதை, அளவைப் பட்டியலிலிருந்து யாரும் அடிக்கவில்லை. சைவ சித்தாந்தமும் உலகைப் பொய் என்று தள்ளவில்லை. சிவன் கோயில் இருக்கும் பேரூருக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கத்தைப் பேச ஒரு ஆள்கூடவா கிடைக்கவில்லை?

அடுத்த கூட்டத்தில் மறுதரப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். லைட் பாக்ஸை நானே கொண்டு வருகிறேன். மாடியேற்ற மட்டும் ஒரு ஆள் அனுப்புங்கள், கனமுங்க.